பீடத்தில் நிற்கும் எஞ்சின்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் நண்பர்கள் ஐந்து பேர் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலை ரயிலில் சென்றோம். அன்றிலிருந்து ஒரு யோசனை. கிருஷ்ணகிரிக்கும் ஒரு காலத்தில் திருப்பத்தூரிலிருந்து சின்ன ரயில் வந்ததாக என் பாட்டி, தன் அப்பா சொன்னதைச் சொல்வார். இன்று மாவட்டத் தலைநகரான எங்கள் ஊரில் ரயில் நிலையமே இல்லை. அந்த ரயிலின் நினைவாக, பழைய நீராவி எஞ்சின் ஒன்றைக் கேட்டு வாங்கி, பேருந்து நிலையத்துக்கு அருகே பீடம் கட்டி, விளக்குப் போட்டு நிறுத்த வேண்டும் என்று ஆட்சியரிடம் மனுக் கொடுக்கவிருக்கிறோம். மனுவை நீங்கள் எழுதித் தர வேண்டும். இன்னொரு கேள்வி. நஷ்டத்தில், அதுவும் கரியை எரித்துப் புகை கக்கிக்கொண்டு, பழைய எஞ்சின்களை ஓட்டித்தான் ஆக வேண்டுமா? நிறுத்தி வைத்துக் காட்டினால் போதாதா?

எம்., கிருஷ்ணகிரி

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதம் வந்த நாளில் நான் வீட்டுப் பரணை ஒழித்துக்கொண்டிருந்தேன். என் தாய்மாமாவின் சுத்தியல், எண்ணெய்த் துணியில் சுற்றியபடி, கையில் கிடைத்தது. அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

உங்கள் பாட்டி சொன்னது உண்மைதான். திருப்பத்தூர் – கிருஷ்ணகிரிப் பாதை 1905இலும் மொரப்பூர் – தருமபுரிப் பாதை 1906இலும் திறக்கப்பட்டன. இரண்டும் தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டரை அடி மட்டுமே அகலம் கொண்ட குறும்பாதைகள். பஞ்சம் வந்தால் தானியத்தை உள்ளூர்களுக்குக் கொண்டு சேர்ப்பதற்கென்று போடப்பட்டவை. தருமபுரிப் பாதை 1913இல் ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் இரண்டுமே பெயர்த்தெடுக்கப்பட்டுவிட்டன. ஆகவே நீங்கள் கேட்டு வாங்கப்போகும் எஞ்சின் எதுவாக இருந்தாலும் அது கிருஷ்ணகிரிக்கு ஒரு நாளும் வராத எஞ்சினாகத்தான் இருக்கும். அது உங்கள் பாட்டியின் அப்பா பார்த்த ரயிலின் நினைவாகாது.

புகையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஊர் மேம்பாலத்தின் மீது ஒரு மணி நேரம் நின்று ஓசூர்ப் பக்கமும் சேலத்துப் பக்கமும் போகும் லாரிகளைப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஒரு மலைப்பாதையில் ஓடும் நாலைந்து எஞ்சின்களின் புகைதான் உங்களை உறுத்துகிறதென்றால் மறுபடி எழுதுங்கள். நஷ்டக் கணக்கும் அப்படித்தான். நூலகம் எவ்வளவு சம்பாதித்தது என்று நாம் கேட்பதில்லை.

மனுவை நான் எழுதித் தரப்போவதில்லை. ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் படியுங்கள்.

என் தாய்மாமா ஜோலார்பேட்டை லோகோ ஷெட்டில் பாய்லர் மேக்கராக, அதாவது எஞ்சினின் கொதிகலனைப் பழுது பார்ப்பவராக இருந்தார். மொரப்பூரிலிருந்து கோடை விடுமுறைக்கு அவர் வீட்டுக்குப் போவேன். எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு நாள், வாஷ்அவுட்டுக்கு, அதாவது பாய்லரைக் கழுவுவதற்கு, நிறுத்தியிருந்த எஞ்சினைக் காட்டுவதற்கு என்னைக் கூட்டிப்போனார். பாய்லரின் அடிப்பக்கத்து மூடிகளைக் கழற்றி, குழாயால் தண்ணீரைப் பீய்ச்சியடித்தார்கள். உள்ளேயிருந்து சேறும் வெள்ளைச் செதில்களும் கொட்டின. மாமா ஒரு செதிலை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "இது என்னன்னு தெரியுதா? உங்க வீட்டு வெந்நீர் அண்டாவுல அம்மா புளி போட்டுத் தேய்க்கிறாளே, அதேதான்" என்றார். எங்கள் பக்கத்துத் தண்ணீர் அப்படி. குடித்தவர்களின் பல்லிலும் காய்ச்சிய பாத்திரத்திலும் ஒருசேரத் தன் அடையாளத்தை விட்டுவைக்கும். அண்டாவில் படிந்தால் விறகு கூடுதலாகச் செலவாகும். பாய்லரில் படிந்தால் தகட்டின் சூடு தண்ணீருக்குப் போய்ச் சேராமல் தகட்டிலேயே தங்கும். தகடு இளகிப் புடைக்கும், கடைசியில் ஆளைக் கொல்லும். உப்புத் தண்ணீர்க்காரர்களான நமக்கு இதை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

பிறகு அவர் கரி போடும் வாய் வழியாக நெருப்புப் பெட்டிக்குள் இறங்கினார். நான் வெளியே நின்று தலையை மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தேன். நெருப்புப் பெட்டிக்கு உள்சுவர் ஒன்று, வெளிச்சுவர் ஒன்று. நடுவில் தண்ணீர் நிற்கும். இரண்டு சுவர்களையும் இழுத்துப் பிடித்திருப்பவை நூற்றுக்கணக்கான சிறு கம்பிகள், அவற்றை ஸ்டே என்பார்கள். உள்ளே முறிந்த ஸ்டே எது என்று கண்ணுக்குத் தெரியாது. மாமா சிறு சுத்தியலால் ஒவ்வொன்றின் தலையையும் தட்டிக்கொண்டே போனார். கணீர், கணீர், கணீர் என்று வந்துகொண்டிருந்த ஓசை ஓரிடத்தில் மட்டும் மந்தமாக விழுந்தது. சாக்கட்டியால் அங்கே ஒரு வட்டம் போட்டார். "கண்ணை மூடிக்கிட்டுக் கேளு" என்று மறுபடி தட்டினார். முதல் முறை எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஐந்தாறு முறை தட்டிக் காட்டிய பிறகு தெரிந்தது.

அந்த ஓசையைக் கேட்டறியும் காதுதான், தம்பி, பாதுகாக்கப்பட வேண்டிய மரபு. அது ஓடும் எஞ்சின் இருக்கிற இடத்தில் மட்டுமே பிழைத்திருக்கும். பீடத்தில் ஏற்றிய எஞ்சினின் ஸ்டேவை யாரும் தட்ட மாட்டார்கள். அது முறிந்திருந்தால் என்ன, முறியாவிட்டால் என்ன? குளிர்ந்து கிடக்கும் பாய்லரில் அவசரப்பட்டு நெருப்பை மூட்டினால் தகடும் குழாயும் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் விரிந்து, குழாய் வாய்கள் கசியத் தொடங்கும் என்பதும், அதனால் மணிக்கணக்காகப் பொறுமையோடு சூடேற்ற வேண்டும் என்பதும், கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் இறங்கி நெருப்புப் பெட்டியின் கூரைத் தகடு வெளியே தெரிந்துவிட்டால் அங்கே பதித்திருக்கும் ஈயக்கட்டை உருகி, நீராவி பாய்ந்து நெருப்பை அடக்கும் என்பதும் புத்தகத்தில் இருக்கின்றன. எந்தக் கரியை எப்போது எந்த மூலையில் எறிய வேண்டும் என்பது புத்தகத்தில் இல்லை. அது ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்குத்தான் போகும். நடுவில் ஒரு தலைமுறை விட்டுப்போனால் அத்தோடு போயிற்று.

ஒரு ரயில் அருங்காட்சியகத்துக்கு நான் ஒரு முறை போயிருந்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம். திறந்தவெளியில் நின்ற எஞ்சினுக்குப் பளபளவென்று கறுப்பும் சிவப்பும் பூசியிருந்தார்கள். தயாரித்த ஆலையின் பெயரும் ஆண்டும் பொறித்த பித்தளைத் தகட்டின் மீதும் வண்ணம் ஏறி, எழுத்து மூடிப்போயிருந்தது. அடியில் குனிந்து பார்த்தேன். சாம்பல் தட்டு துருப்பிடித்து, விரல் வைத்தால் உதிர்ந்தது. வழிகாட்டியாக வந்தவரிடம் இன்ஜெக்டர் எது என்று கேட்டேன். பாய்லருக்குள் தண்ணீரைச் செலுத்தும் அந்தக் கருவியின் பெயரையே அவர் கேள்விப்பட்டிருக்கவில்லை. குழந்தைகள் அதன் மீது ஏறிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் பேருந்து நிலையத்தருகே நிறுத்த நினைப்பது இதைத்தான்.

நின்றதை எழுப்ப முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கட்டப்பட்ட இ.ஐ.ஆர். 21 என்ற எஞ்சின் பல பத்தாண்டுகள் காட்சிப்பொருளாக நின்றிருந்தது. 2010இல் பெரம்பூர் லோகோ பணிமனைத் தொழிலாளர்கள் அதைச் சீர்ப்படுத்தி மறுபடி ஓடவைத்தார்கள். திருச்சியின் பொன்மலைப் பணிமனை அதற்கும் மேலே போயிற்று. நீங்கள் பயணம் செய்த மலைப்பாதைக்காகச் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் ஆலை கட்டித் தந்த எக்ஸ் வகை எஞ்சின்களின் மாதிரியிலேயே, நம் ஆட்கள் இந்த நூற்றாண்டில் புதிய நீராவி எஞ்சின்களைக் கட்டியிருக்கிறார்கள். திருச்சியில் அது முடிந்ததற்குக் காரணம், மேட்டுப்பாளையத்திலும் குன்னூரிலும் அந்த எஞ்சின்கள் நாள் தவறாமல் ஓடிக்கொண்டிருந்ததுதான். பழுதாகப் பழுதாகப் பார்த்த கைகள் அங்கே இருந்தன. 2005இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம் என்று அறிவித்த பாதையில், அந்தக் கைகளையும் சேர்த்தே நான் எண்ணுகிறேன்.

நீங்கள் ஐந்து பேர் அதில் போய் வந்திருக்கிறீர்கள். கடிதத்தில் எஞ்சினைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அது ரயிலை இழுக்காமல் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே ஏறியதைக் கவனித்தீர்களா? கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம், அதாவது பல் வெட்டிய இரும்புச் சட்டம், தொடங்கும். பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறும் அந்தச் சரிவில் சக்கரம் மட்டும் பிடிக்காது. ஆகவே கீழ் உருளைகளில் (சிலிண்டர்களில்) வேலை முடித்த நீராவியே மேல் உருளைகளுக்குப் போய், பற்சட்டத்தில் பொருந்தும் பற்சக்கரத்தைச் சுழற்றும். பெட்டிக்கு ஒருவராக முன்புறம் நின்ற பிரேக்ஸ்மேன்களிடம், அவர்கள் கொடியை எதற்காகக் காட்டுகிறார்கள் என்று கேட்டீர்களா? கேட்டிருந்தால், நிறுத்தி வைத்துக் காட்டினால் போதாதா என்று எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். இருபது வயதில் கேட்காமல் எப்போது கேட்கப்போகிறீர்கள்?

கடுமையாக எழுதிவிட்டேன். உங்களைப் போன்றவர்கள் இதை நினைப்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். அதனால்தான் அந்த உழைப்பு ஒரு பீடத்தில் போய் முடியக் கூடாது என்கிறேன்.

மாமாவோடு வேலை பார்த்தவர் ஒருவர் திருப்பத்தூரில் இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. காலையில் நன்றாகப் பேசுவார், மதியத்துக்கு மேல் அசதி வந்துவிடும். நான் சொல்லி வைக்கிறேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குள் வந்துவிடுங்கள். உங்கள் ஐந்து பேரில் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கிறவர் யாராவது இருந்தால் அவரை அவசியம் கூட்டி வாருங்கள். சுத்தியலை நான் எடுத்து வருகிறேன்.