நாயின் வலிப்பு மாத்திரை கடையில் கிடைக்கவில்லை, என்ன செய்வது?

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு 4 வயது, 30 கிலோ. வலிப்புக்காக டாக்டர் ஃபீனோபார்பிட்டோன் 60 மி.கி. ஒன்று, 30 மி.கி. ஒன்று என்று காலையும் இரவும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். மூன்று மெடிக்கலில் இல்லை என்றார்கள், நாலாவது கடையில் நாய்க்கெல்லாம் தர முடியாது என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கையில் 6 நாளுக்குத்தான் இருக்கிறது. கிடைக்கும்வரை ஒருவேளை மட்டும் கொடுக்கலாமா? லெவிடிராசிட்டம் எல்லாக் கடையிலும் இருக்கிறதே, அதை வாங்கிவிடட்டுமா?
- வாசகி, ஈரோடு

பதில்: ஒருவேளையாகக் குறைக்கவே குறைக்காதீர்கள். இந்த மருந்துக்கு உடம்பு பழகியபிறகு திடீரென்று குறைத்தாலோ நிறுத்தினாலோ அதனாலேயே வலிப்பு வரும், அதுவும் அடுத்தடுத்து வரலாம். 6 நாள் என்பது அதிகமில்லை, இன்றைக்கே டாக்டரைக் கூப்பிட்டு நிலைமையைச் சொல்லுங்கள்.

கடைக்காரர் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. இது பார்பிட்யூரேட் என்ற தூக்கமூட்டும் மருந்து வகை, 1985ஆம் வருட போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்து, சீட்டில்லாமல் விற்கக் கூடாது. ஆனால் நாய்க்குத் தரக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. மிருகத்துக்கான சீட்டு என்றால் அதன் உரிமையாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்று மருந்து விதிகளே சொல்கின்றன. ஆகவே புதிய சீட்டு கேளுங்கள். உங்கள் பெயர், முகவரி, தேதி, கையெழுத்து, வேளைக்கு எவ்வளவு என்பதோடு மொத்தம் எத்தனை மாத்திரை என்பதும் அதில் இருக்கட்டும் (உங்களுக்கு மாதத்துக்கு ஒவ்வொன்றிலும் 60 மாத்திரை). இதே சீட்டில் மறுபடியும் தரலாம் என்று டாக்டர் எழுதினால்தான் கடையில் இரண்டாம் தடவை தர முடியும், அதையும் கேட்டு வாங்குங்கள், நிறையப் பேர் இதை விட்டுவிட்டு மாதாமாதம் அலைகிறார்கள். தெருமுனைக் கடையைவிடப் பெரிய மருத்துவமனைகளுக்குப் பக்கத்திலுள்ள கடைகளில் கிடைக்க வாய்ப்பு அதிகம், போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். 30 மி.கி. மட்டும் கிடைத்தால் வேளைக்கு மூன்று, கணக்கு அதேதான், இருந்தாலும் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

லெவிடிராசிட்டம் நல்ல மருந்துதான், ஆனால் நீங்களாக மாற்றக் கூடாது. சாதாரண மாத்திரையை 8 மணி நேரத்துக்கு ஒருதடவை கொடுக்க வேண்டும், செலவும் கூடும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை கொடுக்கும் வகையும் உண்டு, அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. மனிதர்களுக்கான சிரப் வாங்கினால் சைலிடால் இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள், சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் அந்த இனிப்பு நாய்க்கு விஷம்.

அப்புறம், இனிமேல் 15 நாளுக்கான மாத்திரை மிச்சமிருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். இதற்கிடையில் வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினாலோ ஒரே நாளில் இரண்டு தடவை வந்தாலோ எதற்கும் காத்திருக்காமல் நாயைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.