உரலா, ஆறா? பக்கத்தைத் திருப்பும்போது தெரியட்டும்

கேள்வி: ‘ஆமையும் குரங்கும்’ என்ற பிலிப்பைன்ஸ் நாட்டுப்புறக் கதையைப் படப் புத்தகமாக எழுதுகிறேன். 1,400 சொல் வந்துவிட்டது. குரங்கு முள்ளில் குத்துப்படுவதும், ஆமையை உரலில் இடிப்பேன் என்று மிரட்டுவதும் ஐந்து வயதுக் குழந்தைக்கு அதிகமோ? எடுத்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து எடுக்காதீர்கள். ஆமை வளர்த்த வாழையில் ஏறி எல்லாப் பழத்தையும் தின்ற குரங்குக்கு ஒன்றுமே ஆகவில்லை என்றால் குழந்தையின் மனம் ஆறாது. ரத்தம்தான் வேண்டாம். ஆமை வாழையடியில் முள்ளை ஊன்றுவது ஒரு படம், குரங்கு ஒற்றைக்காலில் குதிப்பது அடுத்த படம். இடையில் நடந்தது புரிந்துவிடும்.

முள் குத்திய கோபத்தில் குரங்கு ஆமையைப் பிடித்து மிரட்டும் உரல் காட்சிதான் இந்தக் கதையின் உயிர். “இடித்துக்கொள், ஆற்றில் மட்டும் போட்டுவிடாதே!” என்று ஆமை கெஞ்சுகிறதே, அந்த வரி வலப்பக்கத்தின் கடைசியில் வர வேண்டும். திருப்பினால் இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் சிரிக்கும் ஆமை. அங்கே ஒரு சொல்கூட எழுதாதீர்கள். “ஆமைக்குத்தான் நீந்தத் தெரியுமே!” என்று குழந்தை கத்தட்டும்.

இப்படிச் செய்தாலே சொற்கள் குறையும். 32 பக்கப் புத்தகத்தில் தலைப்பும் பதிப்பு விவரமும் போக, கதைக்கு ஏறக்குறைய 14 ஜோடிப் பக்கங்கள் கிடைக்கும். 500 சொல் தாராளம். ‘பேராசைக்காரக் குரங்கு’ போன்ற அடைமொழிகளை முதலில் வெட்டுங்கள். ஆற்றில் மிதந்து வந்த வாழையைப் பங்கு போடும்போது, குரங்கு இலையுள்ள மேல்பாதியைப் பிடுங்கிக்கொள்கிறது. வேருள்ள அடிப்பாதி ஆமைக்கு. வாழைக்கு உயிர் கிழங்கில் இருக்கிறது என்று விளக்கவே வேண்டாம். ஒரு பக்கம் வாடிய இலை, எதிர்ப்பக்கம் புதுக்குருத்து, போதும்.

ஓவியரிடம் ஒன்று சொல்லுங்கள். பிலிப்பைன்ஸின் குரங்கு நீண்ட வாலுள்ள மக்காக். கருமுக மந்தி அங்கே கிடையாது. நம் நட்சத்திர ஆமையும் அங்கில்லை, அதற்கு நீந்தவும் வராது. நன்னீர் ஆமையை வரையச் சொல்லுங்கள். உரல், ‘லுசோங்’ எனப்படும் மர உரலாக இருக்கட்டும்.

உரிமையைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கதை மக்களுடையது. பிலிப்பைன்ஸின் தேசிய வீரராகப் போற்றப்படும் எழுத்தாளர் ஹொசே ரிசால் இதை 1889 ஜூலையில் லண்டன் இதழொன்றில் வெளியிட்டார். அதன் நினைவாகவே அந்நாட்டில் ஜூலை மூன்றாம் செவ்வாய் தேசியக் குழந்தைப் புத்தக நாள். 1896இல் மறைந்தவர் என்பதால் அவர் வடிவத்தையும் தாராளமாகப் பயன்படுத்தலாம். இன்றைய எழுத்தாளர் ஒருவரின் வசனத்தையோ படத்தையோ எடுத்தால் மட்டும் அனுமதி வாங்க வேண்டும். முன்னுரையில் ‘பிலிப்பைன்ஸ் நாட்டுப்புறக் கதை’ என்று கட்டாயம் அச்சிடுங்கள்.