செல்லுக்குத் தடைக்காலம் கிடையாது

கேள்வி: என் மச்சான் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். இருபது வருஷமாக வெற்றிலை, பாக்கு, புகையிலை. கன்னத்தின் உள்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது. "வலியே இல்லை. கேன்சர் எல்லாம் விதி, வந்தால் ஒரே நாளில் வரும். மீன்பிடித் தடைக்காலத்தில் டாக்டரைப் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். ஒரே நாளில் வருமா?
– ஒரு வாசகர், மண்டபம்.

பதில்: ஒரே நாளில் புயல்கூட வருவதில்லை. முன்கூட்டியே பாம்பனில் கூண்டு ஏற்றிவிடுகிறார்கள். உங்கள் மச்சான் வாயில் ஏறியிருப்பதும் ஒரு கூண்டாக இருக்கலாம்.

வாயின் உள்தோல் ஓயாமல் தேய்ந்து, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் புதுசாகிவிடும். ஒவ்வொரு முறை செல் இரண்டாகும்போதும் டிஎன்ஏவின் சுமார் 600 கோடி எழுத்துகளைப் பிரதி எடுக்க வேண்டும். பிழை வராமலா இருக்கும்? பெரும்பாலும் செல்லே திருத்திக்கொள்ளும். முடியாவிட்டால் தன்னையே அழித்துக்கொள்ளும். இதை மேற்பார்க்கும் மரபணுக்களில் முக்கியமானது பி53. புகையிலையில் இருக்கும் நைட்ரோசமைன்கள் என்னும் நச்சுப் பொருள்கள் டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்டு பிழைகளைப் பெருக்குகின்றன. (வெறும் பாக்குதானே என்பவர்களுக்கு: பாக்கும் புற்றுநோய் தருவதே.) ஒரு பிழை போதாது. செல்லுக்கு 'வளர்' என்று சொல்லும் மரபணு நிற்காமல் ஓட வேண்டும், 'நில்' என்று சொல்வது பழுதாக வேண்டும், பல சமயம் பி53யும் கெட வேண்டும். இதற்கு வருஷக்கணக்காகும்.

அப்புறம் அந்தக் கெட்டுப்போன செல் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, முப்பது முறை இரட்டித்தால்தான் சுமார் 100 கோடி செல்கள். ஒரு சென்டிமீட்டர் கட்டி. அதுவரை வலி இல்லாமலே போகலாம். உள்தோலுக்கு அடியில் இருக்கும் அடித்தளச் சவ்வைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கினால், கழுத்துக்குப் பரவி நெறி கட்டலாம்.

விதி என்பதில் கொஞ்சம் நியாயம் உண்டு. புகையிலையைத் தொடாதவருக்கும் தற்செயல் பிழையால் வருகிறது. ஆனால் பிழையைத் தினமும் காசு கொடுத்து வாங்குவதற்குப் பெயர் விதியா?

எல்லா வெள்ளைத் திட்டும் புற்றாகாது, பெரும்பாலானவை ஆவதில்லை. எது ஆகும் என்பது கண்ணுக்குத் தெரியாது. சிறு துணுக்கு வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். கத்தி பட்டால் பரவிவிடும் என்று அடுத்து ஆரம்பிப்பார், நம்பாதீர்கள்.

தடைக்காலம் ஏப்ரல் 15-இல்தான் தொடங்கும். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தானே கடல்? மீதி நான்கில் ஒரு நாளைக் கேட்டு வாங்கி, ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.