பன்னிரண்டு நிமிட ஸ்நார்கெலிங்: பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

கேள்வி: ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி வந்த லீவில் குடும்பத்தோடு அந்தமான் போனோம். ஹேவ்லாக் தீவின் எலிஃபண்ட் பீச்சில் ஆளுக்கு 40 நிமிடம் ஸ்நார்கெலிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு மிதந்தபடியே கடலுக்குள் பார்ப்பது), பவளப்பாறையெல்லாம் பார்க்கலாம் என்று பாரிமுனை ஏஜென்ட் பேக்கேஜில் சேர்த்திருந்தார். 12 நிமிடத்தில் எங்கள் நாலு பேரையும் கரையேற்றிவிட்டார்கள். தண்ணீர் ஒரே கலங்கல். ஒன்பது வயது மகனின் மாஸ்க்கில் தண்ணீர் ஏறி, அழுதுகொண்டே வெளியே வந்தான். தனியாகக் காசு வாங்கிக்கொண்டு எடுத்த போட்டோக்களில் ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்தான் தெரிகிறது. "வாசல்ல கடல் இருக்க, கடல் பார்க்க ஃப்ளைட்ல போனாங்களாம்" என்று மாமியார் சொல்லிக் காட்டுகிறார். பணத்தைக் கேட்கலாமா, விட்டுவிடலாமா?
- வாசகி, ராயபுரம்

பதில்: தாராளமாகக் கேளுங்கள். ஆனால் எல்லாக் குறையையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனால், "கடல் என் கையிலயா இருக்கு மேடம்?" என்று ஏஜென்ட் ஒரே வரியில் முடித்துவிடுவார்.

கலங்கல் விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் உண்டு. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை அங்கே தென்மேற்குப் பருவமழை. அலையும் மழையும் சேர்ந்தால் தண்ணீர் தெளியாது. காசிமேட்டில் வலை பின்னும் யாரையாவது கேட்டிருந்தால்கூட இதைச் சொல்லியிருப்பார். பவளப்பாறையும் விளம்பரப் படம்போல இருக்காது. 2010-லும் 2016-லும் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் பெரிய அளவில் வெளுத்துப்போயின. மழைக்காலம் என்று டிக்கெட் விற்கும்போதே ஏஜென்ட் சொல்லியிருக்கலாம்தான். சொல்ல மாட்டார்கள், அதுதான் வியாபாரம்.

மகனின் மாஸ்க் அப்படியல்ல. பெரியவர் மாஸ்க்கைக் குழந்தை முகத்தில் வைத்தால் கன்னத்துக்கும் ரப்பருக்கும் நடுவே இடைவெளி விழும், பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் அடையாது. சரியான சைஸிலும் நெற்றி முடி ஒரு இழை மாட்டினால் தண்ணீர் கசியும். (மீசைக்காரர்களுக்கும் இதே பாடுதான், உங்கள் கணவருக்கு மீசை இருந்தால் அவரையும் கேட்டுப் பாருங்கள்.) பட்டையைப் போடாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுத்தால் அது விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். விழுந்தால் வேறு சைஸ் தேட வேண்டும். கரையிலேயே அரை நிமிடத்தில் முடிகிற இந்த வேலையைச் செய்யாமல் பையனைத் தண்ணீரில் இறக்கியிருக்கிறார்கள். 40 நிமிடத்துக்குக் காசு வாங்கி 12 நிமிடம் கொடுத்ததும் இதுவும் சேவைக் குறைபாடு. கேட்க வேண்டியது இந்த இரண்டுக்கும்தான்.

யாரிடம் பணம் கட்டினீர்களோ அவரிடமே கேளுங்கள். "அது அங்கே இருக்கிறவங்க பண்ணினது" என்பார், விடாதீர்கள். போனில் சண்டை போடாமல் எழுத்தில் அனுப்புங்கள். மகனுக்குக் கட்டியது முழுதும், மற்ற மூவருக்குக் கட்டியதில் பாதியும் கேட்பது நியாயம். பேக்கேஜ் பணம் மொத்தத்தையும் கேட்டால் பேச்சே நின்றுபோகும்.

ஆதாரம் என்ன என்பார். நீங்கள் நொந்துகொள்ளும் அந்தப் போட்டோக்கள்தான்! கேமராவில் எடுத்த ஒவ்வொரு படத்திலும் எடுத்த நேரம் பதிவாகியிருக்கும். முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் நடுவில் எத்தனை நிமிடம் என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியில் அந்த நேரம் அழிந்துவிடும், அதனால் மூலக் கோப்பை வாங்கி வையுங்கள். கேமரா கடிகாரத்தில் நேரம் தப்பாக இருந்தாலும் இடைவெளி மாறாது. 40 நிமிடம் என்று ஏஜென்ட் அனுப்பிய மெசேஜும், பணம் கட்டிய ரசீதும் கூடவே இருக்கட்டும்.

அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அதற்கும் மேலே போக வேண்டுமானால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், அந்தமானுக்கு அலைய வேண்டாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

மாமியாரிடம் வாதாடாதீர்கள். ராயபுரம் கடலில் முகத்தை முக்கினால் என்ன தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

மறுபடி போவதானால் ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் போங்கள். மகன் சைஸுக்கு ஒரு மாஸ்க் இங்கேயே வாங்கி, நீச்சல் குளத்தில் நாலு நாள் பழக்குங்கள். அப்புறமும் அவன் பயந்தால் கட்டாயப்படுத்தாமல் கரையில் மணலில் விளையாட விடுங்கள். அவன் பங்குப் பணத்தை மட்டும் முன்கூட்டியே கட்டிவிடாதீர்கள்.