சந்தேகப்படவும் ஒரு காரணம் வேண்டும்

வணக்கம் அண்ணா,
இந்தியாவின் பேரியம் கெமிக்கல்ஸ் வழக்கைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். ஒரு கம்பனியை விசாரிக்க அரசாங்கம் உத்தரவு போட்டால் விசாரிக்க விடவேண்டியதுதானே? பிழை இல்லையென்றால் அதிலேயே தெரிந்துவிடும். நீதிமன்றம் இடையில் புகுந்தால் கள்ளருக்குத்தானே வசதி?
- ஒரு வாசகி, உப்புவெளி

அன்புள்ள தங்கைக்கு,

நானும் அப்படி நினைத்தவன்தான். திருகோணமலை டவுனில் என் மாமா சின்னக் கம்பனி ஒன்று நடத்தினார். ஒருநாள் இரண்டு உத்தியோகத்தர்கள் வந்து கணக்குப் புத்தகங்களைக் கேட்டார்கள். ஏன் என்றதற்கு, மேலிடத்து உத்தரவு என்றார்கள். மாமாவே சணல் கயிற்றால் கட்டிக் கொடுத்தார். அடுத்த கிழமையே கொழும்பு வியாபாரிகள் கடனுக்குச் சாமான் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். எட்டு மாதம் கழித்துப் புத்தகங்கள் திரும்பி வந்தன. மாமா போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. கடையில் பாதித் தட்டு காலி.

சரி, வழக்குக்கு வருவோம். மோசடி நோக்கத்தைக் காட்டும் சூழ்நிலை இருப்பதாகக் கருதினால் விசாரிக்கலாம் என்றது 1956ஆம் ஆண்டு இந்தியக் கம்பனிச் சட்டம். பேரியம் கெமிக்கல்ஸ் கம்பனியை விசாரிக்க 1965 மே மாதம் உத்தரவு போட்டவர்கள், அப்புறம் நீதிமன்றத்துக்குக் கொடுத்த சத்தியக் கடதாசியில் சொன்ன காரணங்கள் இவை: திட்டமிடலில் கோளாறு, தொடர் நட்டம், பங்கு விலைச் சரிவு, பெயர்பெற்ற பணிப்பாளர்கள் விலகியது. இதில் மோசடி எங்கே? 1966இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதியரசர்களில் மூவர் அதைத்தான் கேட்டு உத்தரவை ரத்துச் செய்தார்கள். கருத்து அதிகாரியுடையது, அது சரியா பிழையா என்று நீதிமன்றம் எடைபோடாது. ஆனால் அந்தக் கருத்துக்கு இடம்தரும் சூழ்நிலை உண்மையிலேயே இருந்ததா என்று பார்க்கும். உண்மையான கள்ளரைப் பிடிக்க இது தடையே இல்லை, தங்கை. கையில் இருப்பதைக் காட்டினால் போதும்.

இது நம் மண்ணுக்கும் புதிதல்ல. புடவை வியாபாரி நக்குடா அலியின் அனுமதிப்பத்திரத்தைக் கட்டுப்பாட்டாளர் ரத்துச் செய்த வழக்கில், 'நம்புவதற்கு நியாயமான காரணம்' என்று சட்டம் சொன்னால் அந்தக் காரணம் நிஜமாகவே இருக்கவேண்டும் என்று 1950இல் பிரிவிக் கவுன்சில், அதாவது அந்நாளில் இலங்கை வழக்குகளுக்கும் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த சபை, சொன்னது. அவர் தோற்றார், ஆனாலும் அந்த வாசகத்தைப் பிற்காலத்து நீதிமன்றங்கள் திரும்பத் திரும்ப எடுத்தாண்டன.

எனக்கு மனவருத்தம் வேறு இடத்தில். மாகாண சபைகளுக்கு ஒதுக்கிய மாகாணப் பட்டியலில் உள்ள விடயமென்றால், இப்படியான உத்தரவை ரத்துச் செய்யும் நீதிமன்றக் கட்டளையை, அதாவது எழுத்தாணையை, இங்குள்ள மேல் நீதிமன்றத்திலேயே கேட்கலாம். கம்பனி விடயம் அதில் இல்லை. கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். சட்டத்தரணி சொன்ன செலவைக் கேட்டு மாமா பேசாமல் எழுந்து வந்துவிட்டார்.

அன்புடன்,
அண்ணா