விரலுக்கு அடியில் ஒரு விசை

மின்கருவிகளைப் பழுதுபார்ப்பதிலும் மோட்டார் காயில் சுற்றுவதிலும் 38 ஆண்டுகள் கழித்த மூத்த தொழிலாளி, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

கேள்வி: ஐயா, மின்சார ட்ரில்லைக் கண்டுபிடித்தது பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம்தானே?
– இயந்திரவியல் மாணவர்

இல்லை, தம்பி. 1889-லேயே ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஆர்னாட், பிரெய்ன் என்ற இருவர் மின்சாரத் துளைக்கருவிக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார்கள். 1895-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஃபைன் நிறுவனம் கையில் தூக்கிப் பிடிக்கும் ட்ரில்லைச் செய்தது. டங்கன் பிளாக்கும் அலோன்சோ டெக்கரும் அமெரிக்காவின் பால்டிமோரில் பட்டறை போட்டதே 1910-ல்தான். பிளாக் தன் காரை விற்று 600 டாலர் கொண்டுவந்தார். டெக்கர் அதே தொகையைக் கடனாகத் திரட்டினார். தொடக்கத்தில் கேட்டவர்களுக்குக் கேட்டதைச் செய்துகொடுத்தார்கள். பால் புட்டி மூடிக்கு ஓர் இயந்திரம், மிட்டாய் தோய்க்க ஓர் இயந்திரம் என்று பிழைப்பு ஓடியது.

அவர்களைத் தூக்கிவிட்டது கைப்பிடி. துப்பாக்கியைப் போன்ற பிடி, ஆள்காட்டி விரல் தானாகப் போய் அமரும் இடத்தில் விசை. 1917-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இது அழகுக்காகச் செய்த மாற்றம் அன்று. நான் தொழில் கற்றுக்கொண்ட நாட்களில், பக்கவாட்டில் சுவிட்ச் வைத்த பழைய ட்ரில் ஒன்று எங்களிடம் இருந்தது. இரும்புத் தகட்டைத் துளைத்து முடிக்கிற நேரத்தில், துளைக்கும் முனையான பிட் தகட்டைக் கவ்விக்கொண்டது. பிட் நின்றது, மோட்டார் நிற்கவில்லை. ட்ரில்லின் உடம்பே சுழன்றது. இன்னொரு கையால் சுவிட்சைத் தேடிப் பிடிப்பதற்குள் மணிக்கட்டு முறுக்கிக்கொண்டு, இரண்டு வாரம் வீங்கிக் கிடந்தது. விரலுக்கு அடியில் விசை இருந்திருந்தால், வலி தெரிந்த கணமே விரல் விலகும், மோட்டார் நிற்கும். அந்த வடிவத்துக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். இன்று எந்த நிறுவனத்தின் ட்ரில்லை எடுத்தாலும் அதே பிடிதான்.

கேள்வி: ட்ரில் ஓடும்போது காற்றுத்துளை வழியாக நீலப்பொறி தெரிகிறது. ஆபத்தா?
– வீட்டு வேலைகளைத் தானே செய்யும் வாசகர்

மெல்லிய பொறி இயல்பு. கம்பி வைத்த ட்ரில்களில் பெரும்பாலும் யுனிவர்சல் மோட்டார்தான் இருக்கும். ஏசி, டிசி இரண்டிலும் ஓடும். பிளாக் அண்ட் டெக்கரின் அந்தத் துப்பாக்கிப் பிடி ட்ரில்லிலும் அதே வகை மோட்டார்தான். ஊருக்கு ஊர் மின்சாரம் வேறுபட்டிருந்த காலத்தில் அது பெரிய வசதி. இதில் ஆர்மேச்சர் என்ற சுழலும் பாகத்துக்கு, கார்பன் பிரஷ் எனப்படும் இரண்டு கரித்துண்டுகள் உரசியபடி மின்சாரம் கொடுக்கின்றன. பொறி அங்கிருந்துதான் வருகிறது. அது வளையமாகச் சுற்றினாலோ, வார்னிஷ் கருகும் நாற்றம் வந்தாலோ உடனே நிறுத்துங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகு கார்பன் பிரஷ்ஷைக் கழற்றிப் பாருங்கள். தேய்ந்து குட்டையாகியிருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றவேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் வேலை அரைகுறைதான்.

கேள்வி: தொழிற்சாலைக் கருவி வீட்டுக்குள் எப்படி வந்தது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை

நல்ல கேள்வி, அம்மா. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்கள், அங்கிருந்த ட்ரில்லை வீட்டு வேலைக்காகக் கையோடு கொண்டுபோனார்கள். திருட்டு என்று முகம் சுளித்திருக்கலாம். 'வீட்டிலும் இது தேவைப்படுகிறது' என்று பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் புரிந்துகொண்டது. 1946-ல் வீட்டு உபயோகத்துக்கென்றே கால் அங்குல ட்ரில்லை 16.95 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த நிறுவனத்தின் வளர்ச்சியில் எனக்கு மிகப் பிடித்த கட்டம் இதுதான். கருவி எந்தக் கைக்குப் போகிறது என்று யாரோ ஒருவர் கவனித்துப் பார்த்திருக்கிறார்.

கவனிக்கத் தவறியதும் உண்டு. ரான் ஹிக்மேன் என்பவர் இங்கிலாந்தில் லோட்டஸ் கார்களை வடிவமைத்தவர். நாற்காலியையே பட்டறை மேசையாக்கி மரம் அறுத்தபோது நாற்காலியையும் சேர்த்து அறுத்துவிட்டார். அந்த நஷ்டத்திலிருந்து அவர் உருவாக்கியதுதான் மடக்கு மேசையான 'ஒர்க்மேட்'. பிளாக் அண்ட் டெக்கர் முதலில் வேண்டாம் என்றது. இன்னொரு கருவி நிறுவனமான ஸ்டான்லியும் மறுத்தது. அவர் தானே செய்து விற்றுக் காட்டிய பிறகு, 1970-களில் பிளாக் அண்ட் டெக்கர் அதை எடுத்துக்கொண்டது. பிறகு அது கோடிக்கணக்கில் விற்றது.

கேள்வி: நிலவுப் பயணத்துக்காகத்தான் கம்பியில்லா ட்ரில் கண்டுபிடிக்கப்பட்டதாமே?
– பள்ளி மாணவி

பலரும் அப்படி நம்புகிறார்கள், பாப்பா. ஆண்டுகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிளாக் அண்ட் டெக்கரின் பேட்டரி ட்ரில் 1961-ல் வந்தது. அப்போலோ 15 வீரர்கள் நிலவின் தரையைத் துளைத்தது 1971-ல். அந்த நிலவு ட்ரில்லைச் செய்வதில் நிறுவனத்துக்குப் பங்கு இருந்தது. குறைந்த மின்சாரத்தில் மோட்டார் எப்படி வேலை செய்யவேண்டும் என்று அதற்காகக் கணினியில் கணக்குப் போட்டார்கள். அந்த அனுபவம் 1979-ல் வந்த 'டஸ்ட்பஸ்டர்' என்ற கையடக்கத் தூசு உறிஞ்சிக்கு உதவியது. விண்வெளியிலிருந்து வீட்டுக்கு வந்தது அதுதான்.

கேள்வி: டிவால்ட் கருவிகளை நம்பும் தச்சர்கள் பிளாக் அண்ட் டெக்கரைத் தொடுவதில்லை. இரண்டும் ஒரே நிறுவனம் என்கிறார்களே?
– தச்சுப் பட்டறை நடத்துபவர்

ஒரே நிறுவனம்தான், ஐயா. 1924-ல் ரேமண்ட் டிவால்ட் தொடங்கிய ரம்பக் கம்பெனியை 1960-ல் பிளாக் அண்ட் டெக்கர் வாங்கியது. 1984-ல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் சிறு வீட்டுச் சாதனப் பிரிவையும் வாங்கியது. இஸ்திரிப் பெட்டியிலும் அதே பெயர், தச்சரின் ட்ரில்லிலும் அதே பெயர். நாள் முழுதும் கருவி பிடிப்பவருக்கு அது ஒட்டவில்லை. அவர்கள் ஜப்பானின் மகிட்டா பக்கம் போனார்கள். 1992-ல் டிவால்ட் பெயரைத் தூசி தட்டி, மஞ்சள் நிறம் பூசி, தொழில்காரர்களுக்கென்றே கொண்டுவந்த பிறகுதான் போனவர்கள் திரும்பினார்கள். நிறம் மட்டும் மாறியிருந்தால் திரும்பியிருப்பார்களா? பழுதுக்கு வரும் கருவிகளை நான் பிரித்துப் பார்க்கிறேன். தொழிலுக்கென்று செய்த கருவியில் தண்டைத் தாங்கும் இடத்தில் குண்டுகள் உருளும் பால் பேரிங் சுற்றுகிறது. மலிவான வீட்டுக் கருவியில் அந்த இடத்தில் பெரும்பாலும் குண்டுகள் இல்லாத வெறும் குழல் போன்ற புஷ்தான். ஆண்டில் நான்கு துளை போடுபவருக்கு அது போதும். நாளுக்கு நாற்பது போடுபவருக்குப் போதாது.

2010-ல் இந்த நிறுவனம் ஸ்டான்லியோடு இணைந்தது. 1843-ல் அமெரிக்காவின் நியூ பிரிட்டனில் தாழ்ப்பாளும் கீலும் செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. 2017-ல் கிராஃப்ட்ஸ்மேன் என்ற கருவிப் பெயரையும் வாங்கிக்கொண்டார்கள். வாங்கிச் சேர்த்த கதைகள் இன்னும் உண்டு. எனக்கு அவற்றில் அவ்வளவு ஈடுபாடில்லை.

கேள்வி: முதன்முதலாக ட்ரில் வாங்கப்போகிறேன். எந்தப் பெயரைப் பார்த்து வாங்குவது?
– தனியாக வசிக்கும் வாசகி

பெயரைக் கடைசியில் பாருங்கள், அம்மா. பேட்டரியை மாட்டிய பிறகு ட்ரில்லைக் கையில் வாங்கி, தோள் உயரத்தில் நீட்டிப் பிடியுங்கள். மெதுவாக இருபது எண்ணுங்கள். மணிக்கட்டு தொங்கினால் அது உங்களுக்கு ஆகாது. அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு விசையைத் தொடுங்கள். விரல் தேடாமல் போய்ச் சேரவேண்டும். மெல்ல அழுத்தினால் மெல்லச் சுழலவேண்டும். விரலை எடுத்ததும், பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக் எவ்வளவு சீக்கிரம் நிற்கிறது என்று கவனியுங்கள். கார்பன் பிரஷ் தேய்ந்து மாற்றும் வேலையே வேண்டாம் என்றால் 'பிரஷ்லெஸ்' என்று கேட்டு வாங்குங்கள். விலை சற்றுக் கூடும்.