வாசகர் கேள்வி–பதில்: அழகுச் சத்திரசிகிச்சைக்கு வெளிநாடு போக எவ்வளவு வேண்டும்?

கேள்வி: வயது 38. இரண்டு பிள்ளைகளும் சிசேரியன். வயிற்றுத் தோல் தொங்கிவிட்டது. எவ்வளவு நடந்தும் குறையவில்லை. வயிற்றுத் தோலை இறுக்கும் ‘டமி டக்’ செய்ய 220,000 இந்திய ரூபாய் பெக்கேஜ் என்று சென்னையிலுள்ள ஒரு கிளினிக் எழுதியிருக்கிறது. கையில் 10 இலட்சம் இலங்கை ரூபாய் இருக்கிறது. குறைந்தால் நகையை அடகு வைப்போம் என்கிறார் கணவர். காணுமா? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: காணாது. அந்த 220,000 உங்கள் மொத்தச் செலவில் ஏறத்தாழ அரைவாசிதான். கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுகிறோம். 1 இந்திய ரூபாய்க்கு 3.50 இலங்கை ரூபாய் என்று கணக்குக்காக எடுத்திருக்கிறோம். தங்குமிடம், சாப்பாடு, விமானச்சீட்டு எல்லாம் உத்தேசத் தொகைகள். நீங்கள் விசாரித்து அறியும் தொகையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் வரி. இந்தியாவில் வைத்தியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்று பலர் நம்பியிருக்கிறார்கள். நோய்க்குச் செய்யும் சிகிச்சைக்குத்தான் அந்த விலக்கு. அழகுக்காகச் செய்யும் சத்திரசிகிச்சைக்கும் முடி நடுவதற்கும் 18 சதவீதம் கட்ட வேண்டும். பிறவிக் குறைபாட்டையோ விபத்துக் காயத்தையோ சீராக்கினால் வரி இல்லை. உங்கள் விடயம் அதில் அடங்காது. பெக்கேஜ் கடிதத்தில் ‘வரி நீங்கலாக’ என்று கடைசி வரியில் சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள். அப்படியிருந்தால் 39,600 கூடி 259,600 ஆகிறது.

அடுத்தது நாட்கள். வயிற்றுத் தோலை இறுக்கியவர்கள் 7 முதல் 10 நாள் வரை விமானம் ஏறக் கூடாது என்பது பிரித்தானியத் தேசிய சுகாதார சேவையின் அறிவுரை. நீண்ட நேரம் மயக்கத்தில் கிடந்த உடம்பில், காலின் ஆழ்நாளங்களில் இரத்தம் கட்டியாகும் ஆபத்து கூடுதல். கொழும்புக்குப் பறப்பு ஒன்றரை மணித்தியாலம்தானே என்று நினைக்க வேண்டாம். விமான நிலையத்தில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

திரும்பும் நாளைத் தீர்மானிப்பது வடிகுழாய்தான். வயிற்றின் கீழ்ப்பக்கத்தில் ஒன்றோ இரண்டோ மெல்லிய குழாய் வெளியே வரும்; அதன் முனையில் முட்டை வடிவில் ஒரு சிறு போத்தல். தினமும் அதை வெறுமையாக்கி, எத்தனை மில்லிலீற்றர் என்று கொப்பியில் எழுத வேண்டும். 24 மணித்தியாலத்தில் 30 மில்லிலீற்றருக்குக் கீழே இறங்கி, அடுத்த நாளும் அப்படியே இருந்தால்தான் பொதுவாகக் கழற்றுவார்கள். அது எட்டாம் நாளாகவும் இருக்கலாம், பதினான்காம் நாளாகவும் இருக்கலாம். ‘7 நாள் பெக்கேஜ்’ என்று விற்பவர்கள் விமானச்சீட்டின் திகதியைப் பார்த்துக் குழாயைக் கழற்றுகிறார்கள். தோலுக்குக் கீழே நீர் கட்டும் வாய்ப்பு அதனால் கூடுகிறது. பிறகு கொழும்பில் கிழமைக்கு ஒன்றோ இரண்டோ தடவை ஊசியால் உறிஞ்சி எடுக்க வேண்டி வரும். அந்தச் செலவு உங்களுடையது.

ஆகவே முன்னுக்கு 2 நாள், வைத்தியசாலையில் 2 இரவு, வெளியே 11 நாள் என்று 15 நாளுக்குத் திட்டமிடுங்கள். வைத்தியசாலைக்கு வெளியே 13 இரவு, இரவுக்கு 2,500 இந்திய ரூபாய் என்றால் 32,500. இருவருக்குச் சாப்பாடு 15,000. டெக்சி 6,000. மருந்து, கட்டுத்துணி, இறுக்குப் பட்டி இரண்டு: 15,000. பட்டியைச் சுமார் 6 கிழமை இரவு பகலாக அணிய வேண்டும். ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டால் மாற்றுவதற்கு மற்றது வேண்டும். பெக்கேஜில் ஒன்றுதான் தருவார்கள். சென்னையில் கிரீம்ஸ் ரோட் பக்கம் நோயாளிகளுக்கென்றே தங்குமிடங்கள் நிறைய உண்டு. மலிவைப் பார்த்து மாடிப்படி ஏறும் அறையை எடுக்க வேண்டாம். முதல் கிழமை கூனிக்கொண்டுதான் நடப்பீர்கள், குந்தி இருக்கவே முடியாது. லிஃப்டும் கொமோட்டும் கட்டாயம்.

இதுவரை 328,100 இந்திய ரூபாய், அதாவது 1,148,350 இலங்கை ரூபாய். இனி இலங்கை ரூபாயில்: இருவருக்கு விமானச்சீட்டும் விசாவும் 120,000. புறப்படுமுன் இங்கே செய்யும் பரிசோதனைகளுக்கு 40,000. கூட்டினால் 1,308,350. திரும்பி வந்த பிறகு வரக்கூடிய சிக்கல்களுக்கு, வரியோடு சேர்ந்த சத்திரசிகிச்சைக் கட்டணத்தில் குறைந்தது 30 சதவீதம், சுமார் 275,000 ஒதுக்க வேண்டும். மொத்தம் ஏறத்தாழ 15 இலட்சத்து 83 ஆயிரம். பெக்கேஜ் விலை 770,000 என்பதோடு ஒப்பிட்டால் இரட்டிப்பு.

அந்த 275,000ஐத்தான் முதலில் ஒதுக்கச் சொல்கிறோம். அதை ஒதுக்கிய பின் மிஞ்சும் பணத்தில் சத்திரசிகிச்சைக்கு வழியிருக்கிறதா என்று பாருங்கள். நகையை இப்போதே அடகு வைத்துப் போனால், காயம் பிரிந்து மறுபடி தியேட்டருக்குப் போக வேண்டி வரும் நாளில் வீட்டில் ஒன்றும் இருக்காது. நகை அலுமாரியிலேயே இருக்கட்டும்.

விடுமுறையையும் பாருங்கள். தனியார் அலுவலகம் என்றால் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி ஆண்டு விடுமுறை 14 நாள், தற்செயல் விடுமுறை 7 நாள். சென்னையிலேயே அதில் பெரும்பகுதி முடிந்துவிடும். வீட்டுக்கு வந்தும் இரண்டு கிழமையாவது ஓய்வு வேண்டும், 6 கிழமைக்குப் பாரம் தூக்கவே கூடாது. பிள்ளை சின்னதாக இருந்தால் அதைத் தூக்க ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். சம்பளமில்லா நாட்களும் செலவுதான்.

சீட்டுப் போடுமுன் கொழும்பில் ஹீமோகுளோபின், எச்பிஏ1சி (சர்க்கரைப் பரிசோதனை), வயிற்று ஸ்கேன் மூன்றையும் செய்துவிடுங்கள். இரத்தச்சோகை இருந்து அங்கே போன பிறகு மயக்க மருந்து வைத்தியர் மறுத்தால், கட்டிய முற்பணமும் சீட்டும் வீண். ஸ்கேனில் தொப்புள் ஹேர்னியா (குடலிறக்கம்) தெரிந்தால் சத்திரசிகிச்சையின் முறையும் மாறும், பில்லும் மாறும். கருத்தடை மாத்திரை எடுப்பவரானால் சத்திரசிகிச்சைக்கு முன் எப்போது நிறுத்துவது என்று வைத்தியரிடம் கேளுங்கள். அது இரத்தக்கட்டி ஆபத்தைக் கூட்டும். இன்னொரு பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் இந்தச் செலவு இப்போது வேண்டாம்.

இவ்வளவையும் எழுதிய பிறகு, கொழும்பில் ஒரு பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரிடம் முழுச் செலவையும் கேட்டு, 770,000 உடன் அல்ல, 15 இலட்சத்துக்கு மேற்பட்ட அந்தத் தொகையுடன் ஒப்பிடுங்கள். டமி டக்கைப் பொறுத்தவரை, விலை கொஞ்சம் கூடினாலும் சத்திரசிகிச்சை செய்தவரே பின்னர் பார்க்கும் தூரத்தில் இருப்பது மேல் என்பது எங்கள் அபிப்பிராயம்.

கேள்வி: ஏஜென்ட் ஒருவர் தன் சொந்தக் கணக்குக்குப் பணம் போட்டால் 10 சதவீதக் கழிவு தருவதாகவும், டூரிஸ்ட் விசாவே போதும் என்றும் சொல்கிறார். பிரச்சினை வந்தால் திருப்பிச் செய்வது இலவசமாம். – வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: மூன்றுமே வேண்டாம். பணம் வைத்தியசாலையின் பெயரிலுள்ள கணக்குக்கு மட்டுமே போக வேண்டும். வைத்தியசாலையின் வெளிநாட்டு நோயாளர் பிரிவுக்கு நீங்களே மின்னஞ்சல் அனுப்பி விலை கேளுங்கள். ஏஜென்ட்டின் பங்கு எவ்வளவு என்பது அப்போதே தெரியும். இந்தியாவுக்கு இ-மெடிக்கல் விசா இருக்கிறது: வைத்தியசாலைக் கடிதத்தோடு விண்ணப்பித்தால் 60 நாள், மூன்று தடவை உள்நுழையலாம், துணைக்கு இருவர் வரை விசா எடுக்கலாம். டூரிஸ்ட் விசாவில் போய்ச் சிக்கலாகித் தங்க நேர்ந்தால் வைத்தியத்தோடு குடிவரவுப் பிரச்சினையும் சேரும்.

‘இலவசமாகத் திருப்பிச் செய்வோம்’ என்பது பெரும்பாலும் சத்திரசிகிச்சை நிபுணரின் கட்டணத்தை மட்டும் குறிக்கும். தியேட்டர், மயக்க மருந்து, அறை, விமானச்சீட்டு எல்லாம் உங்கள் தலையில். மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நாளைக்கு எவ்வளவு? அதே தடவையில் மறுபடி தியேட்டருக்குப் போனால் யார் கட்டுவது? பரிசோதனையில் தகுதியில்லை என்றால் முற்பணத்தில் எவ்வளவு திரும்பும்? பயணக் காப்புறுதியை நம்பியிருக்க வேண்டாம். வழக்கமான காப்புறுதிகள் அழகுச் சத்திரசிகிச்சையையும் அதனால் வரும் சிக்கலையும் விலக்கியே எழுதப்படுகின்றன.

சத்திரசிகிச்சை செய்பவரின் தகுதியையும் பாருங்கள். இந்தியாவில் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையில் எம்.சிஎச். அல்லது டிஎன்பி பட்டம் வேண்டும். ‘கொஸ்மெட்டிக் சேர்ஜன்’ என்ற பலகை தகுதியாகாது.

கேள்வி: வயது 24. முன்பக்க முடி ஏறிக்கொண்டே போகிறது. இஸ்தான்புல்லில் முடி நடுவதற்கு ‘எத்தனை கிராஃப்ட் (முடிவேர்த் துண்டு) என்றாலும் ஒரே விலை’ என்கிறார்கள். கடன் எடுத்துப் போகலாமா? உணவு விநியோக வேலை, மோட்டார் சைக்கிள். – வாசகர், தெஹிவளை

பதில்: இப்போது வேண்டாம், தம்பி. தலையின் பின்பக்கத்திலிருந்து எடுக்கும் முடிக்கு ஓர் அளவு உண்டு. எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. உங்கள் வயதில் முடி எதுவரை போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்று நெற்றியில் 3,000 கிராஃப்ட் நட்டு, 35 வயதில் அதற்குப் பின்னால் உள்ள சொந்த முடி போனால், முன்னால் ஒரு கோடும் பின்னால் வெறுமையும்தான் மிஞ்சும். நிரப்பவும் முடி இருக்காது. ‘எத்தனை என்றாலும்’ என்பது அதனால்தான் ஆபத்தான வாக்குறுதி: பின்பக்கத்தைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். துளை போடுவதையும் நடுவதையும் வைத்தியர் செய்கிறாரா, உதவியாளரா என்பதையும் அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

முதலில் கொழும்பில் தோல் நிபுணரைக் கண்டு தைரொயிட், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பு) பார்த்து, முடி உதிர்வுக்கான மினொக்ஸிடில், ஃபினாஸ்டரைட் மருந்துகள் பற்றிப் பேசுங்கள். குறைந்தது ஒரு வருடம் மருந்து பாவித்துப் பாருங்கள். முடி நட்டாலும் மருந்தைத் தொடர வேண்டியிருக்கும், எனவே மாதச் செலவு எப்படியும் உண்டு. பிற்காலத்தில் நடுவதானால், சுமார் இரண்டு கிழமைக்கு ஹெல்மெட் நடப்பட்ட இடத்தில் உரசக் கூடாது. உங்களுக்கு அது இரண்டு கிழமை வருமானம். நட்ட முடி முதல் இரண்டு மாதத்துக்குள் பெரும்பாலும் உதிரும், முழுப் பலன் தெரிய 9 முதல் 12 மாதம் ஆகும்.

கேள்வி: மூக்கைத் திருத்த பாங்கொக் போக நினைக்கிறேன். மூக்குத்தி குத்திய இடத்தில் ஒரு கட்டி வந்து தடித்துவிட்டது. – வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: முதலில் அந்தக் கட்டியைத் தோல் நிபுணரிடம் காட்டுங்கள். கெலொயிட் (மிகையாக வளரும் தழும்பு) என்றால் எந்த வெட்டுக் காயமும் தடிக்கும் வாய்ப்பு உங்கள் தோலில் கூடுதல். வெட்டு முழுவதையும் மூக்கின் உள்ளே வைத்துச் செய்யும் முறை உண்டு. உங்களுக்கு அது பொருந்துமா என்று கேளுங்கள். உங்களுடையதைப் போன்ற மூக்குகளில் அந்த வைத்தியர் செய்த வேலையின் ஒரு வருடத்துக்குப் பிந்திய படங்களைக் கேட்டுப் பாருங்கள். பத்தாம் நாள் படங்கள் எதையும் காட்டாது, வீக்கம் முழுதாக வடியவே ஒரு வருடம் செல்லும். இரண்டாவது தடவை திருத்த வேண்டி வந்தாலும் அந்த ஒரு வருடத்துக்குப் பிறகுதான் தொடுவார்கள். ஆகவே இரண்டு பயணத்துக்குப் பணம் இருந்தால் மட்டும் புறப்படுங்கள்.

கேள்வி: 56 வயது, மேல் இமைத் தோல் மட்டும் தொங்குகிறது. சென்னை போகலாமா? – வாசகர், மட்டக்குளி

பதில்: அவசியமில்லை. அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, அதே நாளில் வீட்டுக்கு அனுப்பும் வேலை அது, கொழும்பிலேயே செய்யலாம். தொங்கும் தோல் பார்வையை மறைக்கிறதா என்று கண் நிபுணரிடம் முதலில் பாருங்கள்; மறைத்தால் அது வெறும் அழகு விடயமல்ல.

கேள்வி: வெளிநாட்டில் லைபோசக்ஷன் (கொழுப்பை உறிஞ்சி எடுப்பது) செய்து வந்து ஏழு கிழமை. துளை போட்ட இடத்தருகே சிவந்த சின்னக் கட்டிகள், ஒன்றிலிருந்து நீர் கசிகிறது. பாமசியில் வாங்கிய அன்டிபயோட்டிக் இரண்டு கோர்ஸ் முடித்தும் மாறவில்லை. – வாசகி, கொள்ளுப்பிட்டி

பதில்: மூன்றாவது கோர்ஸை வாங்க வேண்டாம். வாரங்கள் கழித்துத் தோன்றி, வழக்கமான அன்டிபயோட்டிக்குக்கு அடங்காத கட்டிகள் என்றால் மைக்கோபக்டீரியா வகைக் கிருமியைச் சந்தேகிக்க வேண்டும். காசநோய்க் கிருமியின் உறவு இது. நீரிலும் மண்ணிலும் வாழ்வது, சரியாகக் கிருமிநீக்கம் செய்யாத கருவி வழியாக உள்ளே போகும். சாதாரண சீழ்ப் பரிசோதனையில் இது பெரும்பாலும் தென்படாது. பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் கட்டியிலிருந்து சீழும் திசுவும் எடுக்க வேண்டும். ஆய்வுகூடப் படிவத்தில் ‘மைக்கோபக்டீரியா வளர்ப்பு’ என்று தனியாக எழுதச் சொல்லுங்கள். முடிவு வரக் கிழமைகள் ஆகலாம். கிருமி உறுதியானால் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகள், சிலவேளை ஊசியும் சேர்த்து, மாதக்கணக்கில் போகும். கட்டிகளை வெட்டி அகற்றவும் நேரலாம். தனியார் வைத்தியசாலையில் அவ்வளவு காலம் சமாளிக்க முடியாவிட்டால் தேசிய வைத்தியசாலையின் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் வாங்கிப் போங்கள், அங்கே கட்டணம் இல்லை.

சத்திரசிகிச்சைக் குறிப்பு, பாவித்த மருந்துகளின் பட்டியல், டிஸ்சார்ஜ் அட்டை மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். இல்லையென்றால் அந்த வைத்தியசாலைக்கு இன்றே எழுதிக் கேளுங்கள். இதற்கிடையில் காய்ச்சலோடு சிவப்பு வேகமாகப் பரவினால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், வைத்தியரின் அப்பொயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.